டார்ச் அடித்து வாய் பார்க்கும் தைலம்மாள்

அந்தச் செய்தி என் காதுக்கு வந்தபோது மூன்று கை மாறியிருந்தது. மஸ்கட்டில் எங்கள் அறையில் ஆறு பேர். அன்று வெள்ளிக்கிழமை, சமையல் கொளஞ்சியப்பன் முறை. எலவனாசூர்கோட்டைக்காரன். வெங்காயம் நறுக்கும்போது ஊர்க்கதை பேசாவிட்டால் அவனுக்குக் கண் எரியும்.

"ஒங்க ஊருப் பக்கந்தான்டா, வடக்கனந்தலாம். பால்வாடில வேல செய்ற பொம்பள ஒருத்தி, பச்சப்புள்ள வாயில வெரல வுட்டு அண்ணாக்கையே கிழிச்சுட்டாளாம். இப்ப அந்தப் புள்ள பால் குடிச்சா மூக்கால வருதாம்."

"யாரு சொன்னா?"

"எங்க சின்ன மாமியா. உளுந்தூர்பேட்ட பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மா அதுக்குச் சொல்லிச்சாம். போலீஸ் கேஸாவப் போவுதாம்பா."

வடக்கனந்தல் என் மனைவி ஷாலினியின் ஊர். பிரசவத்துக்கு அவள் அங்கேதான் போயிருந்தாள். மகள் பிறந்து பதினோரு நாள். தமிழ்மொழி என்று பேரும் பார்த்து வைத்திருந்தோம். நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். கொளஞ்சியப்பன் சொன்னதை அப்படியே சொல்லி, "எந்தத் தெருவுல? கேள்விப்பட்டியா?" என்று கேட்டேன்.

"ஏங்க, ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றாள் ஷாலினி.

எந்த வீடு என்று நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு கிராம் இருந்த பிள்ளை. மார்பில் போட்டால் வாயைத் திறக்கும், பிடிக்கும், நாலு தரம் இழுத்துவிட்டு அழும். குடித்த கொஞ்சமும் மூக்கு வழியாக வரும். பால் பத்தவில்லை என்று பூண்டும் கருவாடும் ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் கவலைப்படுவேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பத்தாவது நாள் பால்வாடி உதவியாளர் தைலம்மாள் பிள்ளை பார்க்க வந்திருக்கிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாக்குல ஓட்ட இருக்குதும்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஷாலினியின் பெரியம்மா பச்சையம்மாள் தெருவில் இறங்கிவிட்டார். "நல்லா இருந்த புள்ள வாயக் கிழிச்சுட்டு ஓட்டன்றா பாரு!" சாயங்காலத்துக்குள் பால்வாடி சூப்பர்வைசருக்கு ஒரு மனு எழுதியாகிவிட்டது. இனி பிறந்த பிள்ளை இருக்கும் வீட்டுப் பக்கம் தைலம்மாள் போகக்கூடாது என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவும் வந்துவிட்டது.

அன்று நான் தூங்காமல் படித்தேன். ஆங்கிலத்தில் அதற்குப் படங்கள் இருந்தன, ஆயிரத்துக்கு எத்தனை என்ற கணக்கு இருந்தது, எந்த மாதத்தில் எந்தத் தையல் என்று பட்டியல் இருந்தது. ‘பிறவியிலேயே’ என்ற சொல்லை மட்டும் பத்துப் பக்கங்களில் பார்த்தேன். ஆனால் மறுநாள் காலையில் நான் சொன்னதை வீட்டில் யாரும் கேட்கும் நிலையில் இல்லை. "நீங்க அங்க குந்திக்கினு சொல்றீங்க மாப்ள, நாங்க கண்ணால பாத்தோம்" என்றார் பச்சையம்மாள் அத்தை.

ஷாலினி வீடியோவை அணைக்காமல் போனை அரிசி டிரம் மேல் சாய்த்துவிட்டு எழுந்து போனாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மின்விசிறியும் சாமி காலண்டரின் பாதியும்தான். அப்போதுதான் வாசலில் ஒரு புதுக்குரல் கேட்டது.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினுடி வந்த?" இது அத்தை.

"இருக்கற மூஞ்சியதான் வெச்சிக்கினு வந்தேன். வேற மூஞ்சிக்கு எங்க போறது? நவுரு. புள்ள நேத்துலேர்ந்து எத்தினி தபா ஒண்ணுக்குப் போச்சு?"

"கேக்கறா பாரு கேள்வி!"

"ஒன்ன கேக்கல. யம்மா ஷாலினி, எத்தினி தபா?"

"ரெண்டுக்கா."

"ரெண்டா? ஆறு தபாவாச்சும் போவணும். ஆட்டோவக் கூப்டு. இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்க? சண்டைய ஆட்டோல வெச்சிக்கலாம். பச்சையம்மா, நீயும் ஏறு. கள்ளக்குறிச்சி வரைக்கும் திட்டிக்கினே வா, எனக்கும் பொழுது போவும்."

வரக்கூடாது என்று உத்தரவு வாங்கி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. தைலம்மாளை நான் முதலில் அறிந்தது இப்படி, முகம் பார்க்காமல்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எடை இரண்டு கிலோ நூற்றைம்பது. நாக்கு வறண்டிருந்தது. டாக்டரம்மா பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இது வயிற்றுக்குள்ளேயே சேராமல் போன இடம், யார் விரலாலும் வருவதில்லை என்றார். வாயின் மேல்கூரை திறந்திருப்பதால் பிள்ளையால் உறிஞ்ச முடியவில்லை. தாயிடம் பால் இருக்கிறது, பிள்ளையிடம் பசி இருக்கிறது, நடுவில் இழுக்கும் வழிதான் இல்லை. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அறுவை செய்து மூடிவிடலாம். அதுவரை பிள்ளை வளர வேண்டும். தாய்ப்பாலைக் கறந்து சங்கில்தான் ஊட்ட வேண்டும். எடை ஏறாவிட்டால் அறுவைக்கு நாள் கொடுக்க மாட்டார்கள்.

நாலு நாள் அங்கே இருந்தார்கள். இரண்டாம் நாள் பச்சையம்மாள் அத்தை தைலம்மாளைக் குழாயடிக்குக் கூப்பிட்டிருக்கிறார். நடந்ததை என்னிடம் பிறகு சொன்னவர் அத்தையேதான், முந்தானையைப் பல்லில் கடித்தபடி.

பிள்ளை பால் குடிக்கவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது விரலை உள்ளே விட்டு அண்ணாக்கைத் ‘தூக்கி’விடுவார்கள். இறங்கிப்போய்விட்டது, அதனால்தான் குடிக்கவில்லை என்பது கணக்கு. அத்தை அந்தத் தெருவுக்கே தூக்குகிறவர். பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே, யாருக்கும் சொல்லாமல், தமிழ்மொழிக்கும் தூக்கியிருக்கிறார். விரல் போய் மோதவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே போய்விட்டது. தான்தான் கிழித்துவிட்டோம் என்று எட்டு நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறார். பத்தாம் நாள் தைலம்மாள் விரலை விட்டு "ஓட்ட" என்று சொன்னதும், பழியைப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"நான்தான்டி பண்ணிட்டேன். ஒம்மேல போட்டுட்டேன்" என்று அழுதிருக்கிறார்.

தைலம்மாள் அத்தையின் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாராம். "இந்த வெரலா? இதுல அண்ணாக்கு கிழியும்னா நம்ம ஊருல பாதிப் பேருக்கு மூக்காலதான் டீ வரணும். எத்தினி பேருக்குத் தூக்கியிருக்க நீ?"

"டாக்டரு சும்மா சொல்றாங்களோன்னு…"

"அவங்களுக்கு ஒன்னப் பாத்து இன்னா பயம்? பொய் சொல்ல? இங்க பாரு, ரெண்டு விசயம். இனிமேட்டு எந்தப் புள்ளைக்கும் தூக்காத. நெகம் கீறும், அழுக்குப் போவும். ரெண்டாவது, ஷாலினிக்குக் கை நடுங்குது. அவங்க அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. சங்கு நீதான் புடிக்கணும்."

"நானா?"

"பின்ன? தெருவுல அந்தக் கத்து கத்துன இல்ல, அந்தத் தெம்ப இதுல காட்டு."

அத்தை அன்றே நகம் வெட்டினார். நர்சு பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளையைப் படுக்கவைக்காமல் மடியில் நிமிர்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். ஊற்றக்கூடாது. பிள்ளை விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மூக்கில் வந்தால் நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி. களைத்துப் போனால் விட்டுவிட்டு, தோளில் போட்டு முதுகைத் தடவ வேண்டும். முதல் வேளை முப்பது மில்லி இறங்க முக்கால் மணி நேரம். மூன்றாம் நாள் அரை மணி.

வீடு திரும்பிய பிறகு தைலம்மாள் தினமும் பால்வாடிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. எனவே வாசற்படிக்கு வெளியே நின்றுகொள்வார். "நான் உள்ள வரல, சட்டம்னா சட்டம். யக்கா, சங்கக் கொதிக்க வெச்சியா? எங்க, காட்டு." அத்தை பாத்திரத்தோடு தூக்கிவந்து காட்டுவாராம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அத்தையே கச்சிராயபாளையம் பஸ் பிடித்துப் போய் சூப்பர்வைசரிடம், "நான் கையெழுத்துப் போட்டது பொய்யிங்க, வேற காயிதம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எடை பார்க்கும் நாளெல்லாம் எனக்கு வேலை ஓடாது. ஏசி குழாய் போகிற வழியை வரைகிற வேலை எனக்கு. இரண்டு கிலோ நானூறு என்று செய்தி வந்த அன்று ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியைத் தலைகீழாக வரைந்து வைத்தேன். மூன்று கிலோ. மூன்று எண்ணூறு. ஒரு மாதம் சளி பிடித்து எடை அசையவே இல்லை. அப்போது தினம் நாலு முறை போன் செய்தேன். கடைசியில் தைலம்மாள் போனை வாங்கி, "தம்பி, நீங்க போன் பண்ணப் பண்ண புள்ள கனம் ஏறுமா? அவங்கம்மா ஒரு கையில பால் பீச்சிக்கினு இன்னொரு கையில ஒங்களத் தேத்திக்கினு இருக்குது. சாயங்காலம் ஒரு தபா பண்ணுங்க, போதும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு முறையாகக் குறைத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது பதினெட்டு நாள் விடுப்பு கிடைத்தது. போய் இறங்கிய மறுநாள் தைலம்மாள் வந்தார். நாற்பத்தாறு வயது, குட்டையான உடம்பு, இடது புருவத்தில் கரும்புச் சோகை கிழித்த தழும்பு. வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் வாயைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கஞ்சி அப்பா குடுக்கட்டும்."

நான் ராகிக் கூழைக் கரண்டியில் எடுத்தேன். கை தானாக ஆடியது.

"இந்தக் கையாலயா கோடு போடறீங்க? கட்டடம் நிக்குதா?"

அத்தை சிரித்தார். ஷாலினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நிக்குதுக்கா, லேசா சாஞ்சிக்கினு" என்றாள். பிள்ளை கரண்டியைப் பார்த்து வாயைத் திறந்தது. கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் மூக்கில் வந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"குந்துங்க. மூக்குல வந்தா தொடைங்க, அவ்ளோதான். அவளே பயப்படல பாருங்க. நீங்க மூஞ்சிய இப்படி வெச்சிக்கினா அவ சோறுன்னாலே பயப்படுவா. சிரிச்சிக்கினு குடுங்க. பேசிக்கினே குடுங்க."

"என்ன பேச?"

"எதுனா பேசுங்க. ஒங்க மொதலாளியத் திட்டுங்க. ஒங்க வாய அவ பாக்கணும்."

பிள்ளை வாயில் கை வைத்தால் தட்டிவிடக்கூடாது என்பது அவர் சொன்ன இன்னொன்று. கழுவிய மரக்கரண்டி, துணிமுனை, தன் விரல் என்று எல்லாம் வாய்க்குப் போகட்டும். வாய் வேலை செய்தால்தான் நாக்கு பழகும். தமிழ்மொழி அப்போது "ம்ம்ம்", "ஆ" என்று நிறையப் பேசினாள். ‘ப’ மட்டும் வரவில்லை. உதட்டைச் சேர்த்து முயல்வாள், காற்று மூக்கில் போய்விடும். நான் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பேர மாத்திடலாம் மாப்ள" என்று அத்தை ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். "நாளைக்குப் பேச்சு சரியா வரலன்னா, இந்தப் பேர வெச்சே ஊரு கிண்டல் பண்ணும்."

"மாத்த மாட்டேன்" என்றாள் ஷாலினி. "கிண்டல் பண்றவங்க வாயில டார்ச் அடிக்க அக்கா இருக்காங்க."

ஒரு மதியம் பால்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தைலம்மாள் மறுநாள் சாம்பாருக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் மழை கட்டியிருந்தது. ஏன் எல்லாப் பிள்ளை வாயையும் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கீரையை உருவுவதை நிறுத்தாமல் சொன்னார்.

அவர் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில் நிலமில்லாத வீட்டில். எட்டாவது வரை பள்ளிக்கூடம். பத்தொன்பது வயதில் கல்யாணம், கரும்பு வெட்டும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போவது. முதல் பிள்ளை ஆண். கரும்புக் கொட்டகையில் பிறந்தவன். பால் குடித்தால் மூக்கில் வந்தது. தாய்ப்பாலில் கோளாறு என்றார்கள். ஒரு மூடியில் பாலைப் பீச்சி அதில் எறும்பை விட்டுப் பார்த்தார்கள். செத்தால் கெட்ட பால். "எறும்பு நீஞ்சி வெளிய வந்து ஓடிடுச்சு தம்பி. அப்பவும் குடுக்காதன்னுட்டாங்க. சக்கரத் தண்ணி குடுத்தாங்க. பத்தொம்பது நாளு இருந்தான்."

பிறகு இரண்டு பெண்கள் பிறந்து வளர்ந்தார்கள். பால்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஏழாம் வருடம், உதடு பிளந்த ஒரு சிறுமியை மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அங்கே சுவரில் மாட்டியிருந்த படத்தில் உதடு நன்றாக இருந்து உள்ளே மட்டும் திறந்திருக்கும் ஒரு வாயைப் பார்த்திருக்கிறார். முகாம் முடிந்து படத்தைச் சுருட்டும்வரை அதன் முன்னால் நின்றாராம். சுருட்ட வந்த டாக்டரிடம், "மூக்குல பால் வந்தா இதுதானுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லமுடியாது, ஆனால் வாயைத் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்லமுடியாது என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

"அவனுக்கு யாரும் பாக்கல. எனக்கும் தோணல. ஒரு நெருப்புக்குச்சி கிழிச்சுப் பாத்திருக்கலாம் இல்ல?"

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவினேன்.

"காம்போட போடாதீங்க" என்றார்.

அன்று முதல் பதினாலு வருடமாக, பேர் வைக்கும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறை வாய் பார்க்கிறார். அண்ணாக்கு திறந்திருந்தது தமிழ்மொழியோடு மூன்று பேருக்கு. நாக்கு அடியில் ஒட்டிப் பால் குடிக்கத் தடுமாறியது சிலருக்கு. மற்ற வாய்களெல்லாம் நன்றாக இருந்தவை. "நல்லா இருக்குதுன்னு சொன்னா ஒரு டீ தருவாங்க. இல்லன்னா திட்டு. டீதான் ஜாஸ்தி குடிச்சிருக்கேன்."

உளுந்தூர்பேட்டைக்குப் போன பழைய கதை மட்டும் திரும்பி வரவில்லை. கொளஞ்சியப்பனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் தன் சின்ன மாமியாரிடம் சொன்னான். "அப்டியா, ஆனா கேஸாச்சாமே" என்று அவர் கேட்டாராம். வடக்கனந்தலில் இப்போது வேறு மாதிரி. பிள்ளை பிறந்தால் பச்சையம்மாள் அத்தையே முதல் ஆளாகப் போய், "நான் தூக்க மாட்டேன். தைலம்மாவக் கூப்ட்டு வாயப் பாருங்க" என்கிறார்.

பதினோராம் மாதம் எட்டு கிலோ இருநூறு. ரத்தமும் சரியாக இருந்தது. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தைலம்மாள் மூன்று நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஷாலினியோடும் அத்தையோடும் பஸ் ஏறினார்.

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டரைக்கு ஷாலினியிடமிருந்து குரல்செய்தி: "நல்லபடியா முடிஞ்சிடுச்சுங்க. தையல் போட்டாச்சு. முழிச்சிட்டா, அழுவுறா. நாலு மணிக்குக் கரண்டியில தண்ணி குடுத்துப் பாக்கச் சொல்லியிருக்காங்க. அது நின்னா பால்." பின்னால் பிள்ளை அழுகிற சத்தம். அந்த அழுகை நான் பதினோரு மாதமாகக் கேட்டது மாதிரி இல்லை. மூக்கில் கரையாமல் வாயிலிருந்து நேராக வந்தது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, உண்மையிலேயே அப்படியா என்று தெரியவில்லை. ஆறு முறை போட்டுக் கேட்டுவிட்டேன். கொளஞ்சியப்பனையும் கேட்கச் சொன்னேன். "வாயாலதான்டா அழுவுது" என்றான்.

இந்திய நேரம் நாலே கால். ஷாலினியின் போன் அணைந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே நின்றதா, மூக்கில் வந்ததா, அது தெரிய வேண்டும். தைலம்மாளின் எண்ணைப் போட்டேன். மணி அடிக்கிறது. ஒரு முறை முழுதாக அடித்து ஓய்ந்துவிட்டது. மறுபடி போட்டிருக்கிறேன். கொளஞ்சியப்பன் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறான். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.